அவர்கள் தடுக்கவில்லை

மக்கா, இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. தூத்துக்குடியில் உன் அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு படி. அம்மா ஏன் போனில் சொல்லவில்லை என்று உனக்குத் தோன்றும். உன் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்யைப் போனில்தான் சொன்னேன். உண்மையையும் அதே வழியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரில் சொல்லலாம் என்று நீ போன மாதம் தச்சநல்லூருக்கு வந்தபோது இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் "சோறு போடட்டுமா" என்றுதான் வார்த்தை வந்தது. அதனால் எழுதுகிறேன். கிழித்து எறிந்த தாள்கள் போக மிஞ்சியது இது.

களக்காட்டில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது பெனிட்டாவின் அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். "அவ்வளவு வருசம் வெளிநாட்டுல இருந்தீங்களே சம்பந்தியம்மா, அவுக எறந்தப்பம் வர முடிஞ்சுதா?" நான் பதில் தேடுவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "எங்க மாமா விட்டாங்க? அந்த யூதக் கெழவன் லீவு தரமாட்டேன்னுட்டான். எங்கம்மா அங்கன கெடந்து அழுதா. நான் இங்கன ஒத்தையில நின்னு அப்பாவுக்கு மண்ணு போட்டேன்." சொல்லிக்கொண்டே என் தோளில் கையை வைத்தாய். பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தியே என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவும் பொய்தான், மக்கா. நான் வேலைபார்த்த வீட்டு எலியாஸ் அப்பச்சன் என்னைத் தடுக்கவில்லை. போ என்றார். டிக்கெட் போடச் சொன்னார். போகாதவள் நான்.

 இனி மீதியை ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்கு நாலு வயதில் ஒரு தங்கச்சி பிறந்தாள். உனக்கு நினைவிருக்காது. ஆறு நாள் இருந்தாள். உன் அப்பா அப்போது கொல்லத்துப் பக்கம் போட்டில் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். அவர் வரவில்லை. நல்ல மீன்பாடு, நடுவில் இறங்கிவந்தால் அடுத்த நடைக்குக் கூட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று இருந்துவிட்டார். பிள்ளையை அடக்கம் பண்ணி எட்டாம் நாள் வந்தார். "முடிஞ்சுபோன பொறவு நான் வந்து என்னட்டி செய்யப்போறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் கீழே வைக்கவே இல்லை. அவருக்குச் சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், கோவிலில் அவர் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். எல்லா இடத்திலும் அந்த வாக்கியம் என்னோடு இருந்தது. உனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது நான் வெளிநாடு போனது உன் படிப்புக்காகத்தான். ஆனால் விமானம் ஏறியபோது எனக்குள் இருந்தது துக்கம் மட்டுமல்ல, ஒரு விடுதலையும் இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எலியாஸ் அப்பச்சனைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. சொன்னால் நல்லவராகத் தெரிந்துவிடுவார் என்ற பயம். அவர் கொச்சிப் பக்கத்து யூதர். பதினைந்து வயதில் வீட்டோடு இஸ்ரேலுக்குக் குடிபோனவர். அங்கே அவர்கள் ஆட்கள் குடியேறிய ஒரு விவசாயக் கிராமத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே ரோஜா வளர்த்தார். மலையாளம் புரிந்த ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள். கேரளக் கடலுக்குப் போய்வந்து உவரியில் நம் வீட்டில் எல்லோருக்கும் மலையாளம் வருமே. முதலில் அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மா போன பிறகு அவரை. என்னை "மோளே" என்றுதான் கூப்பிடுவார். கால் விளங்காது, நாக்கு மட்டும் கூர்மை. வாரம் தவறாமல் அவர்களுடைய வேதமாகிய தோராவில் அந்த வாரத்துக்கு உரிய பகுதியைச் சத்தமாக வாசிப்பார். பாதி மலையாளத்திலும், என்னிடம் கற்றுக்கொண்ட பாதித் தமிழிலும் எனக்குச் சொல்லுவார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். ஆதாம், நோவா, ஆபிரகாம் எல்லாம் நமக்கும் தெரிந்த ஆட்கள்தானே என்று அலட்சியமாகத்தான் கேட்டேன்.

நான் போய் ஏழாவது வருடம் உன் அப்பாவுக்கு ஈரல் கெட்டு, பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். நீ காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்துகொண்டிருந்தாய். அவர் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, ஒரு தடவ வந்துட்டுப் போ. ஒன்னயப் பாக்கணும்போல இருக்கு." லீவு கேட்டிருக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. நாலு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். இந்தமுறை பேச்சு இழுத்து இழுத்து வந்தது. "அந்தப் பச்சப்புள்ளைக்கு நான் வரல. தப்புதான்ட்டி. நெனச்சா இன்னைக்கும் நெஞ்சடைக்கி. அதுக்கு இப்பம் என்னையத் தண்டிச்சிராத." அதற்குப் பிறகு எட்டு வருடம் பக்கத்தில் வாழ்ந்து கேட்காத வார்த்தை. அதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது திருப்தி. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. இங்கன விடமாட்டேங்காங்க" என்று சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்த அப்பச்சன் அன்றே தன் மகளை வரச்சொல்லி, ஒரு மாதத்துக்கு வேறு ஆளுக்கு ஏற்பாடு செய்தார். "போயிட்டு வா மோளே. உன் இடம் இங்க இருக்கும்" என்றார். அவரிடம், "இப்பம் தேறிட்டாராம் அப்பச்சா, வேண்டாம்" என்றேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொய். நடுவில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறையும் கூப்பிட்டார். அதற்கும் அதே பதில்தான். அடுத்த வாரம் போய்விட்டார். நீ கூப்பிட்டு, "விட்டாங்களாம்மா?" என்று கேட்டாய். "விடலியே மக்கா" என்றேன். உவரியில் நடந்த அடக்கத்தை யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. பத்தொன்பது வயது, மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, கைநிறைய மண்ணோடு குழி ஓரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நீ நின்றாய். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை நிஜம். அதற்கு அப்பச்சன் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதும் நிஜம்.

ஊருக்கு லீவில் வந்தபோது உவரிக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் ஜெபம் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் மனசு லேசாக இருந்தது. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி கனத்தது. திரும்பிப் போனேன். வருடங்கள் ஓடின. அவர்களுக்குப் புதுவருடம் பிறந்ததிலிருந்து பத்து நாள் மனந்திரும்பும் நாட்கள். பத்தாம் நாள் உபவாசம். புதுவருடத்தன்று ஓடுகிற தண்ணீர் பக்கத்தில் போய்ப் பாவத்தைத் தண்ணீரில் விடுவதாகப் பிரார்த்தனை செய்வார்கள். ஒரு வருடம் நான் அவரைச் சக்கர வண்டியில் வைத்து வாய்க்கால் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் ஊர் ஆற்றிலும் ஜனங்கள் பாவம் போகத் தலைமுழுகுவார்கள், பாபநாசம் என்றே அங்கே ஊர் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "தெய்வத்துக்குச் செய்ததைத் தெய்வம் கழுவிவிடும் மோளே. மனுசனுக்குச் செய்ததை அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அவன் வாசலுக்குப் போகாம இந்தத் தண்ணிக்கிட்ட வந்து பிரயோசனம் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, "நாளைக்கு என்னை என் தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. நாற்பது வருடமாகப் பேச்சில்லை. என்னவென்றால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாள் தொடங்குமுன், அப்பச்சன் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை மூட மறந்துவிட்டார். ஓய்வுநாளில் யாரும் அதைத் தொடாததால் மறுநாள் முழுவதும் ஓடி, பக்கத்துக்காரரின் நாற்றெல்லாம் அழுகிப்போனது. ஊர்க்கூட்டத்தில் விசாரித்தபோது பழி தம்பி மேல் விழுந்தது. அப்பச்சன் வாயைத் திறக்கவில்லை. தம்பி அதோடு ஜெபக்கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மறுநாள் போனோம். கதவு திறக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போனோம். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. உபவாசத்துக்கு முந்தின நாள் மூன்றாவது முறை போனோம். தம்பி கதவைத் திறந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அப்பச்சன் வண்டியில் இருந்தபடியே, "குழாயைத் திறந்துபோட்டது நான். உன் மேல பழி விழுறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். தம்பி, "எனக்கு அன்னைக்கே தெரியும். நாற்பது வருசம் நீ சொல்லுவேன்னு இருந்தேன். இப்ப சாகப்போறேன்னு பயந்து வந்திருக்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம். "இவ்வளவு சொன்ன பொறவும் மன்னிக்க மாட்டேங்காரே" என்றேன். அப்பச்சன் தலையை ஆட்டினார். "அது அவன் இஷ்டம். சொல்ல வேண்டியதுதான் என் கடமை." கொஞ்சதூரம் போன பிறகு, ஆதாமிடம் கடவுள் கேட்டபோது, நீ கொடுத்த பெண்தான் காரணம் என்றான், பொன்கன்றுக்கு ஆரோனிடம் பதில் கேட்டபோது, நான் பொன்னை நெருப்பில் போட்டேன், கன்று தானாக வந்தது என்றான் என்று சொல்லிச் சிரித்தார். "பெரிய ஆளுங்கதான். ஆனா நான் செய்தேன்னு சொல்ல வாய் வரல. யூதாவைப் பாரு. தன் மருமகள் தாமாரை எரிக்கச் சொன்னவன். அவ வயித்துல இருக்கிறது தன் பிள்ளைதான்னு தெரிஞ்சதும், எல்லாரும் நிக்கிற இடத்துல, அவ மேல தப்பில்ல, தப்பு எனக்குன்னு சொன்னான். நாங்க யூதர்னு பேர் வச்சிருக்கோமே, அது அவன் பேர். பாவமே செய்யாத ஆள் பேர் இல்ல. ஒத்துக்கிட்ட ஆள் பேர்." பிறகு மெதுவாக, அவர்களுடைய விதி ஒன்றைச் சொன்னார். மூன்று முறை உண்மையாக மன்னிப்புக் கேட்டும் ஒருவன் மறுத்தால், அதற்குப் பிறகு பாவம் மறுத்தவன் பக்கம் போய்விடும். நான் வண்டியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். உன் அப்பா என்னை மூன்று முறை கூப்பிட்டார், மக்கா. இத்தனை நேரம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவளாக என்னை நினைத்திருந்தேன். கதவைச் சாத்தினவளே நான்தான்.

அப்போதும் நான் சொல்லவில்லை. குளிர்காலம் வந்து, வாசிப்பு யோசேப்பின் கதைக்கு வந்தது. அண்ணன்மார் அவனைக் குழியில் தள்ளிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பச்சன் வாசிப்பதை நிறுத்தி, "இந்த இடத்துல அவன் ஒரு வார்த்தையாவது பேசினதா எழுதியிருக்கா, சொல்லு" என்றார். இல்லை. "பேசாமலா இருந்திருப்பான்? கதறியிருப்பான். ஆனா இங்க எழுதல. இருபது வருசம் கழிச்சு, பஞ்சத்துல அதே அண்ணன்மாரு எகிப்துல மாட்டிக்கிட்டு நிக்கும்போதுதான், அவன் நம்மகிட்ட கெஞ்சினானே, நாம கேக்கலியேன்னு ஒருத்தனுக்கொருத்தன் சொல்லுதாங்க. அவன் கெஞ்சினது அவங்க வாயிலேருந்து வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் எழுத ஆளில்ல." கத்தியைத் தட்டில் வைத்துவிட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பாவின் மூன்றாவது அழைப்பையும் சொன்னேன். அதை இப்போது உனக்கும் சொல்ல வேண்டும். அப்பா கடைசியாக உன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று நீ ஒருமுறை கேட்டாய். "பேசவே முடியலல்லா மக்கா, ஒண்ணும் சொல்லல" என்றேன். சொன்னார். "எனக்காக வரண்டாம்ட்டி. நான் போயிருவேன். பையன் ஒத்தையில நிக்கப்போறான். அவனுக்கு அழக்கூடத் தெரியாது. நீ வந்து அவன் பக்கத்துல நில்லு, அது போதும்." இதுதான் அவர் சொன்னது. உன்னைப் பற்றி மட்டும்தான் சொன்னார். அதை உன்னிடம் சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும் என்று, உனக்கு அவர் விட்டுப்போன அந்த வார்த்தைகளை ஒன்பது வருடம் நானே வைத்துக்கொண்டேன்.

அப்பச்சன் வேதப் புத்தகத்தை மூடினார். பிறகு, "அப்போ உன் வீட்டுல, உன்னை விடாத ஆள் நான்தானா?" என்று கேட்டார். நான் அவர் காலைப் பிடித்தேன். "என் மேல சொன்ன பொய்யை நான் மன்னிச்சுட்டேன். ஆனா அதைச் சொன்ன இடத்துல போய்த் திருப்பி எடு" என்றார். செத்துப்போனவரிடம் எப்படிக் கேட்பது என்றேன். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் காதுகேட்க, இன்னாருக்கு நான் இந்தத் தவறைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும், எங்கள் வழக்கம் அதுதான் என்றார். அடுத்த கோடையில் அவர் இறந்தார். அடக்கத்துக்கு அவர் தம்பி வந்தார். ஓரமாக நின்றார். நான் ஊருக்கு வந்தேன். வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமும் சும்மா இருந்தேன். களக்காட்டுப் பந்தியில் நீ என் தோளில் கைவைத்த பிறகுதான் இனிமேல் முடியாது என்று தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உவரிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உன் ரோஸ்லின் அத்தை, மாமா, அப்பாவோடு கடலுக்குப் போனவர்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தேன். ஏதோ நேர்ச்சை என்று நினைத்து வந்தார்கள். நான் கல்லறையைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். அப்பாவின் கூட்டாளி ஒருவர், "சத்தமாச் சொல்லு தாயி, காத்துல ஒண்ணும் கேக்கல" என்றார். அதனால் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அவுக கூப்பிட்டாக, நான் வரல. விடமாட்டேன்னு யாரும் சொல்லல, நான் சொன்னது பொய். மூன்று முறை சொன்னேன்.  கூட்டாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் கிளம்பினார். மற்றவர்களும் போனார்கள். உன் அத்தை மட்டும் நின்றாள். "ஒம்பது வருசமா செபமாலை சொல்லி முடிக்கயில எல்லாம் அந்தக் கெழவனுக்குச் சாபம் போட்டிருக்கேன் மைனி. எங்கண்ணனக் கடைசியாப் பாக்கவிடாத பாவின்னு. செத்துப்போன மனுசனுக்குப் போட்ட சாபத்த நான் எங்கன போய் எடுப்பேன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். ஒரு பொய் அதைச் சொன்னவளோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். அது அவள் ஜெபத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

உனக்குக் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பெனிட்டா வீட்டில் இதைச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா என்பதை நீ முடிவு செய். சொல்லாமல் மட்டும் கோவிலுக்குள் போகாதே. நான் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று தோன்றினால், ஒரு வரி அனுப்பு, வர மாட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் இரண்டு முறை கேட்பேன். ஆனால் அந்த மூன்று முறை விதியை உன் தலையில் ஏற்ற மாட்டேன். நீ மறுக்கலாம். மறுத்தாலும் பாவம் என்னுடையதுதான். பெனிட்டாவிடம் நீ தவறு செய்யும் நாள் வரும், எல்லோருக்கும் வரும். அன்று யார்மேலாவது தூக்கிப் போட வாய் தானாகத் திறக்கும். என் வாயும் அப்படித்தான் திறந்தது. அவளுக்கும் உனக்கும் ஒரு வருத்தம் வந்தால், அதைப் பொத்திவைத்து நாள் பார்க்காதே. அன்றே சண்டை போட்டுவிடு.

இதோடு கடிதத்தை ஒட்டிவிடலாம் என்று எழுந்தபோது உன் அத்தை போன் பண்ணினாள். கல்லறையிலிருந்து போன பிறகு இன்றுதான் பேசுகிறாள். சௌக்கியமா என்று கேட்கவில்லை. "அந்தப் பெரியவர் பேரு என்ன மைனி? பூசைக்கு எழுதிக் குடுக்கணும். பேரு தெரியாமத்தான் இம்புட்டு வருசமும் திட்டியிருக்கேன்" என்றாள். எலியாஸ் என்றேன். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நம்ம ஆளு பேரு மாதிரில்லா இருக்கு" என்றாள். அதற்கு மேல் என்னோடு பேச அவளுக்கு ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாள்.

அம்மா